நிலத்துக்குப் பணம் இருக்கு, நிலம் வரைக்கும் போற வழிக்கு இல்ல

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன சில எபிசோடுகள்ல வேலை, ஏஐ, அப்ரைசல்னு பேசிட்டு இருந்தோம். இன்னைக்குக் கொஞ்சம் ஊர்ப்பக்கம் போவோம். பழங்குடி மக்களுக்கு நிலமும் தண்ணியும் கிடைக்கணும்னு அரசு பணம் ஒதுக்குது. அந்தப் பணம் எங்க போய் நிக்குது, ஏன் நிக்குது, எதை மாத்தினா ஓடும்? இதுதான் இன்னைக்கு விஷயம்.

"மதுரைல பழங்குடி மக்களா?"ன்னு சில பேர் கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி மதுரை மாவட்டத்துல 30 லட்சத்துக்கு மேல ஜனங்க. அதுல பழங்குடியினர் சுமார் 11 ஆயிரம் பேர். நூறு பேர்ல அரை ஆள்கூட இல்ல. தமிழ்நாடு முழுக்கப் பார்த்தாலும் 1.1 சதவீதம்தான், கிட்டத்தட்ட 8 லட்சம் பேர்.

ஆனா நீங்க அவங்களப் பார்த்திருப்பீங்க. ஆடி அமாவாசைக்கு சதுரகிரி மலை ஏறினவங்க யோசிச்சுப் பாருங்க. அந்த மலையையும் சுத்தியிருக்கிற காட்டையும் நம்ம எல்லாரையும் விட நல்லாத் தெரிஞ்சவங்க பளியர்கள். தேன், கிழங்கு, நெல்லிக்காய், கடுக்காய்னு காட்டை நம்பி வாழ்ந்தவங்க. பேரையூர் தாலுகா சாப்டூர் பக்கம் ஆரம்பிச்சு, விருதுநகர் மாவட்டம், தேனி மாவட்டம்னு அந்த மலைத்தொடரோட அடிவாரம் நெடுக அவங்க குடியிருப்புகள் இருக்கு. அந்தப் பக்கம் வருசநாடு, மேகமலை. நம்ம வைகை பிறக்கிற இடம். சிட்டிக்குள்ள பார்த்தா, காட்டுநாயக்கன்னு சாதிச் சான்றிதழ் கேட்டு பரவை பக்கம் மக்கள் போராடினது பேப்பர்ல வந்துச்சு. படிச்சிருப்பீங்க.

நான் இன்னைக்குச் சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம். திட்டங்கள் நிறைய இருக்கு. பணமும் ஓரளவு இருக்கு. ஆனா அந்தப் பணம் "சொத்து வாங்க" மட்டும்தான். சொத்து கையில வர்றதுக்கு முன்னாடி ஆகிற செலவுக்கும், வந்த பிறகு அதைக் காப்பாத்துற செலவுக்கும் யாரும் பொறுப்பெடுக்கிறதில்ல. மூணு உதாரணம் சொல்றேன். முதல்ல நிலம் வாங்குறது, அப்புறம் காடு, மூணாவது கண்மாய்.

ஒண்ணு: நிலம் வாங்குறது

தாட்கோ கேள்விப்பட்டிருப்பீங்க. அது மூலமா 2023ல் இருந்து நடக்கிற திட்டம், "நன்னிலம் மகளிர் நிலவுடைமைத் திட்டம்". நிலம் இல்லாத ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண்கள், விவசாயக் கூலி வேலை பார்க்கிறவங்க, இவங்க சொந்தமா நிலம் வாங்க மானியம். நிலத்தோட மதிப்புல பாதி, அதிகபட்சம் 5 லட்சம். முத்திரைத்தாள் கட்டணம், பதிவுக் கட்டணம் விலக்கு. நன்செய்னா இரண்டரை ஏக்கர் வரை, புன்செய்னா அஞ்சு ஏக்கர் வரை வாங்கலாம். முன்னாடி இருந்த திட்டத்துல மானியம் 30 சதவீதம்தான். அதோட ஒப்பிட்டா இது நல்ல முன்னேற்றம். நிலம் பொம்பளை பேர்ல பதிவாகுதுங்கிறது அதைவிடப் பெரிய விஷயம்.

இப்ப சாப்டூர் மலையடிவாரத்துல ஒரு அக்கா இருக்காங்கன்னு வச்சுக்குவோம். பளியர் சமூகம், கூலி வேலை. கற்பனைதான், ஆனா விதிகள் எல்லாம் நிஜம். இந்த அக்கா திட்டத்துக்குள்ள போகணும்னா என்னென்ன வேணும்?

முதல்ல சாதிச் சான்றிதழ். மத்த சமூகங்களுக்குத் தாசில்தார் அலுவலகத்தோட முடியுற வேலை, பழங்குடியினருக்கு மட்டும் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. வரைக்கும் போகணும். விசாரணை நடக்கும். அப்பா சான்றிதழ் எங்க, தாத்தா சான்றிதழ் எங்கன்னு கேப்பாங்க. பள்ளிக்கூடமே போகாத தாத்தாவுக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? அடுத்து வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு.

அப்புறம் விற்கிறவர் ஒருத்தர் வேணும். அவர் ஆதிதிராவிடர், பழங்குடியினர் அல்லாதவரா இருக்கணும். இந்த விதியோட நோக்கம் சரி. மத்தவங்க கையில இருக்கிற நிலம் இந்த மக்கள் கைக்கு வரணும்னு போட்டிருக்காங்க. ஆனா நடைமுறையில யோசிங்க. ஊர்ல நிலம் வச்சிருக்கிற ஒருத்தர், தன் வயல்ல நேத்து வரைக்கும் களை எடுத்த பொம்பளைக்கு வரப்பை ஒட்டி நிலம் விக்கச் சம்மதிக்கணும். நம்ம ஊர்ல அது விலை மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமா என்ன?

விலைக் கணக்கையும் பார்த்துடுவோம். பாதி மானியம், ஆனா 5 லட்சத்துக்கு மேல கிடையாது. அப்படின்னா மொத்த விலை 10 லட்சத்துக்குள்ள இருந்தாத்தான் "பாதி"ங்கிறது உண்மையிலேயே பாதி. நிலம் 20 லட்சம்னா மானியம் கால் பங்கு. மீதி 15 லட்சம் கடன். ரிங் ரோடு பக்கம் இந்தத் தொகைக்கு ஏக்கர் கணக்குல கேட்டா சிரிப்பாங்க. அதனால வாங்க முடியுற நிலம் எது? ரோட்டை விட்டுத் தள்ளி, தண்ணி இல்லாம, கருவேலம் மண்டிக் கிடக்கிற மானாவாரி.

சரி, நிலம் வாங்கியாச்சு. தண்ணி? போர் போடணும், மோட்டார் வைக்கணும், கரண்ட் இழுக்கணும். அதுக்கும் தாட்கோவில் திட்டம் இருக்கு. துரித மின் இணைப்புக்கு 90 சதவீத மானியம். நல்ல திட்டம். ஆனா அது தனி விண்ணப்பம், தனி வரிசை. நிலத்துக்கு வாங்கின கடனோட தவணை இந்த வரிசைக்காகக் காத்திருக்குமா? காத்திருக்காது.

நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்களுக்கு இது பழகின பிரச்சினை. ஒவ்வொரு சர்வீசும் தனியா டெஸ்ட் பண்ணா பாஸ் ஆகும். எல்லாத்தையும் கோத்து ஒரு யூசரை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் அனுப்பினா நடுவுல விழுந்துடுவார். நம்ம திட்டங்கள்ல அந்த முழு டெஸ்டை யாரும் ஓட்டிப் பார்க்கிறதில்ல.

இந்தப் பிரச்சினைக்கு 130 வருஷ வரலாறு இருக்கு. 1891ல செங்கல்பட்டு கலெக்டரா இருந்த ட்ரெமன்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களோட நிலைமையைப் பத்தி ஓர் அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892ல அரசு அவங்களுக்கு நிலம் ஒதுக்க ஆரம்பிச்சது. இன்னைக்குப் பஞ்சமி நிலம்னு சொல்றோமே, அதுதான். முதல் பத்து வருஷம் விக்கக்கூடாது, அதுக்குப் பிறகும் அதே மக்களுக்குத்தான் விக்கலாம்னு நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலம். அவ்வளவு பூட்டு போட்டும் பெரும்பகுதி கை மாறிப் போச்சு. ஆதிக்கம் ஒரு காரணம். இன்னொண்ணு, நிலம் கொடுத்தவங்க உழவு மாட்டுக்கும் விதைக்கும் கிணத்துக்கும் வழி பண்ணல. அதுக்கு யார்கிட்ட கடன் வாங்கணும்? நிலத்து மேல கண்ணு வச்சிருக்கிற அதே ஆள்கிட்ட.

நடுவுல சரியா யோசிச்ச சந்தர்ப்பமும் உண்டு. 2006ல நிலமற்ற ஏழைகளுக்கு இரண்டு ஏக்கர் வரை தரிசு நிலம் கொடுக்கிற திட்டம் வந்தப்ப, நிலத்தைச் சீர்திருத்திக் கொடுக்கிறதும் திட்டத்துக்குள்ளேயே இருந்தது. முள்ளை வெட்டி, மண்ணை மட்டப்படுத்திக் கொடுக்கிறது. பட்டாவோட சேர்த்து, பயிர் வைக்கத் தயாரான மண்ணும் கொடுக்கணும்ங்கிற எண்ணம். அந்த எண்ணம் எல்லாத் திட்டத்துக்கும் போகணும்.

ரெண்டு: காடு

இந்த அக்காவுக்கு நிலம் வாங்குறதை விட இன்னொரு வழி பக்கத்துலேயே இருக்கு. அவங்க குடும்பம் தலைமுறையா இருக்கிற இடம். 2006ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் சொல்றது இதுதான்: 2005 டிசம்பர் 13க்கு முன்னாடி இருந்தே வன நிலத்துல வாழ்ற, பயிர் பண்ற பழங்குடியினருக்கு அந்த நிலத்து மேல உரிமை உண்டு, அதிகபட்சம் 4 ஹெக்டேர். சுமார் 10 ஏக்கர். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் சேர்த்துத் தரணும். பிள்ளைகளுக்குப் போகும், ஆனா விக்க முடியாது. தனிநபர் உரிமை மட்டும் இல்ல. தேன், கிழங்கு மாதிரி சிறு வனப்பொருள் எடுக்க, நீர்நிலைகள்ல மீன் பிடிக்க, ஆடு மாடு மேய்க்க, ஊரே சேர்ந்து தன் காட்டைப் பாதுகாக்க, இதெல்லாம் சமூக உரிமையா வரும்.

இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 2007 கடைசி நாள். ஆனா தமிழ்நாட்டுல என்ன ஆச்சுன்னா, 2008ல சென்னை உயர்நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. உரிமைப் பத்திரம் கொடுக்கிறதுக்கு முன்னாடி நீதிமன்றத்தோட அனுமதி வாங்கணும்னு. அந்தத் தடை உச்ச நீதிமன்றத்துல விலகினது 2016 பிப்ரவரியில. எட்டு வருஷம். மத்த மாநிலங்கள் பத்திரம் கொடுத்துட்டு இருந்தப்ப நம்ம மக்கள் காத்துட்டு இருந்தாங்க. நடுவுல பெரியவங்க எத்தனையோ பேர் இறந்திருப்பாங்க.

அவங்க இருக்கிறதும் இல்லாததும் ஏன் முக்கியம்னா, இந்தச் சட்டத்துல பெரியவங்க வாக்குமூலமே ஒரு சாட்சி. ரெண்டு விதமான ஆதாரம் இருந்தா போதும். அரசு ஆவணம்தான் வேணும்னு அடம் பிடிக்கக்கூடாது. கிணறு, சமாதி, சாமி கும்பிடுற இடம், இதெல்லாம்கூட ஆதாரம். இவ்வளவு தெளிவா, எழுதப் படிக்கத் தெரியாதவங்களை மனசுல வச்சு எழுதின சட்டம் நம்ம நாட்டுல குறைவு.

ஆனா வேலை யார் பார்க்கிறது? கிராம சபை கூடணும், வன உரிமைக் குழு அமைக்கணும், இடத்தை அளக்கணும், வரைபடம் போடணும். அது கோட்டாட்சியர் தலைமையில இருக்கிற கோட்டக் குழுவுக்குப் போகணும், அங்கிருந்து கலெக்டர் தலைமையில இருக்கிற மாவட்டக் குழுவுக்குப் போகணும். ஒவ்வொரு தடவை மலையில இருந்து இறங்கி வந்தாலும் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் காசு, ஜெராக்ஸ், எழுதிக் கொடுக்கிறவருக்குக் காசு. சட்டம் உரிமை கொடுத்திருக்கு. ஆனா மலையடிவாரத்துல இருந்து கலெக்டர் ஆபீஸ் வர்ற செலவு அந்த அக்காவோட தலையில.

சாப்டூர் காடு இப்ப ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்துல வருது. அறிவிப்பு வந்தது 2021 பிப்ரவரியில. புலி வேணும், காடு வேணும், வைகைக்குத் தண்ணி வேணும்னா காடு கட்டாயம் வேணும். இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா வன உரிமைச் சட்டம் ஒண்ணு சொல்லுது: உரிமைகளை முதல்ல முடிவு பண்ணாம, கிராம சபை சம்மதம் இல்லாம, யாரையும் வெளியேத்த முடியாது. அதனால அந்தப் பத்திரம் வெறும் நிலத்துக்கான பேப்பர் இல்ல. "நாங்க இங்க இருக்கோம்"னு சொல்றதுக்கான ஒரே பேப்பர்.

தண்ணி விஷயத்துல இந்தச் சட்டத்தோட 3(2) பிரிவைத் தெரிஞ்சு வச்சுக்கங்க. குடிதண்ணீர்க் குழாய், குளம், மழைநீர் சேகரிப்பு, சின்னப் பாசன வாய்க்கால், பள்ளிக்கூடம், ரோடு உட்பட 13 வகை வசதிக்கு வன நிலத்தை ஒதுக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெக்டேருக்குள்ள இருக்கணும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்கணும். அவ்வளவுதான். "வன நிலம், அதனால தண்ணிக் குழாய் போட முடியாது"ன்னு யாராவது சொன்னா, முடியும்ங்கிறதுதான் பதில். நாம சிட்டியில குழாயைத் திறந்தா வைகைத் தண்ணி வருது. அது பிறக்கிற மலையில இருக்கிறவங்க குடத்தோட நடக்கணும்னு சட்டம் சொல்லல.

இப்ப பணத்துக்கு வருவோம். மத்திய அரசோட ரெண்டு பெரிய திட்டம். ஒண்ணு, 2023 நவம்பர்ல தொடங்கின பிஎம்-ஜன்மன், 24,104 கோடி ரூபாய். அது மிகவும் பாதிக்கப்படக்கூடியவங்கன்னு பட்டியல் போட்ட 75 பழங்குடிச் சமூகங்களுக்கு மட்டும். தமிழ்நாட்டுல அந்தப் பட்டியல்ல ஆறு பேர்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கன். பளியர் இல்ல. காட்டுநாயக்கன் உண்டு, ஆனா மதுரையில அந்தச் சான்றிதழ் வாங்குறதே பெரும்பாடு. அதாவது ஒரு சமூகத்துக்குச் சான்றிதழ்ல சிக்கல், இன்னொண்ணுக்குப் பட்டியல்ல சிக்கல்.

ரெண்டாவது, 2024 அக்டோபர் 2ல தொடங்கின தர்தி ஆபா திட்டம். 79,156 கோடி, 63 ஆயிரம் கிராமங்கள். கிராமத்தை எப்படித் தேர்வு பண்றாங்க? 500 பேருக்கு மேல இருக்கிற கிராமம், அதுல பாதிப் பேராவது பழங்குடியினரா இருக்கணும். முன்னேற விழையும் மாவட்டமா இருந்தா இந்த விதி தளருது. அங்க ஒரு கிராமத்துல 50 பழங்குடியினர் இருந்தாலே போதும். தமிழ்நாட்டுல அந்த மாவட்டங்கள் ரெண்டு, விருதுநகரும் ராமநாதபுரமும். மதுரை அதுல இல்ல.

இப்ப மேப்பை மனசுல கொண்டு வாங்க. ஒரே மலை. ஒரு பக்கம் விருதுநகர், ஒரு பக்கம் மதுரை. ஒரே சமூகம், மாமன் மச்சான் உறவு. இந்தப் பக்கம் இருக்கிற நாப்பது வீட்டுக் குடியிருப்பு, பெரிய வருவாய்க் கிராமத்துல ஓர் ஓரம். அந்தக் கிராமத்து மொத்தத் தொகையில அவங்க பாதி வரவே மாட்டாங்க. விதியை அப்படியே வாசிச்சா, அந்தப் பக்கம் இருக்கிறவங்க உள்ள, இந்தப் பக்கம் இருக்கிறவங்க வெளியே. ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் சரியா வர்ற வடிகட்டி இது. பழங்குடியினர் சிதறி வாழ்ற நம்ம சமவெளிக்குப் பொருந்தல.

மூணு: கண்மாய்

இது பழங்குடியினர் மட்டும் சம்பந்தப்பட்டது இல்ல, மதுரைக்காரங்க எல்லாருக்கும். தல்லாகுளம், உலகனேரி, செல்லூர்க் கண்மாய், வண்டியூர்க் கண்மாய்னு நம்ம ஊர்ப் பேர்லயே தண்ணி இருக்கு. வைகை மழையை நம்புற ஆறு, வருஷம் முழுக்க ஓடாது. அதனால வர்ற தண்ணியைப் பிடிச்சு வைக்க முன்னோர்கள் கண்மாய் மேல கண்மாயாக் கட்டி, ஒண்ணு நிறைஞ்சா மறுகால் பாஞ்சு அடுத்ததுக்குப் போற மாதிரி இணைச்சு வச்சாங்க.

2017 மார்ச்ல தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் திரும்பக் கொண்டு வந்தது. முதல் கட்டம் 100 கோடி, 1,519 வேலைகள். செலவுல 90 சதவீதம் அரசு, 10 சதவீதம் விவசாயிகள். பணமா, பொருளா, உழைப்பா எப்படி வேணா தரலாம். டெண்டர் விடாம விவசாயிகள் சங்கமே வேலையை எடுத்துச் செய்யணும். கேட்க அழகான திட்டம். ஊர்க்காரங்களே சேர்ந்து கண்மாயைப் பராமரிச்ச பழைய வழக்கத்தோட பேரும்கூட.

ஆனா "விவசாயிகள்"னா யாரு? ஆயக்கட்டுல நிலம் வச்சிருக்கிறவங்க. 2000த்துல வந்த பாசன மேலாண்மைச் சட்டமும் அப்படித்தான், நிலம் இருந்தாத்தான் சங்கத்துல ஓட்டு. கண்மாயை நம்பி நிலம் இல்லாதவங்க எத்தனை பேர் இருக்காங்கன்னு பாருங்க. மீன் பிடிக்கிறவர், ஆடு மாடு மேய்க்கிறவர், மண் எடுத்துப் பானை செய்றவர், தண்ணி எடுக்கிற, துணி துவைக்கிற பெண்கள். கூலிக்காரங்களுக்குக் கண்மாய்ல தண்ணி நின்னாத்தான் நடவு வேலை. இவங்க யாருக்கும் அந்தச் சங்கத்துல பேச்சு இல்ல. அப்ப எந்த மடையைச் சரி பண்றது, எந்த வரத்துக் கால்வாயை முதல்ல தூர் வாருறது, மீன் குத்தகை யாருக்குன்னு முடிவு பண்றது யாரு?

மதுரையைத் தலைமையிடமா வச்சு இயங்குற தானம் அறக்கட்டளை 1990கள்ல இருந்து கண்மாய் வேலையில இருக்கு. வயலகம்னு விவசாயிகளைச் சங்கமாக்குறாங்க. அங்க கத்துக்க வேண்டியது எனக்கு ரெண்டு தெரியுது. நிலம் இல்லாதவங்களையும் சேர்க்கிற முயற்சி ஒண்ணு. மக்கள் பங்குத் தொகையில ஒரு பகுதியை இருப்பா வச்சு, அதோட வட்டியில பின்னாடி பராமரிப்பு பார்க்கிற யோசனை இன்னொண்ணு. ஏன்னா கண்மாயைத் தூர் வாருறது ஒரு தடவை ரிலீஸ் பண்ணிட்டு மறக்கிற புராடக்ட் இல்ல. மூணு மழைக்காலம் கவனிக்கலேன்னா திரும்பக் கருவேலமும் வண்டலும்தான்.

வெளியூர்க் கதை ஒண்ணு

நம்ம நாடு மட்டும்தான் இப்படியா? ஆஸ்திரேலியாவுல முர்ரே-டார்லிங்னு பெரிய ஆற்றுப் படுகை. அங்க தண்ணி உரிமையை நிலத்துல இருந்து பிரிச்சு, பங்கு மாதிரி வாங்கலாம், விக்கலாம்னு வச்சிருக்காங்க. பூர்வகுடி மக்கள் நிலம் இல்லாதவங்க, அதனால தண்ணி உரிமையும் அவங்க கைக்கு வரல. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல அந்தப் படுகையோட மேற்பரப்புத் தண்ணில பூர்வகுடி அமைப்புகள் கையில இருக்கிறது 0.2 சதவீதம்னு ஆய்வாளர்கள் கணக்கிட்டாங்க.

2018ல ஆஸ்திரேலிய மத்திய அரசு, பூர்வகுடி மக்களுக்காகத் தண்ணி உரிமை வாங்க 4 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்குறதா அறிவிச்சது. வாங்கின உரிமையை யார் பேர்ல வைக்கிறது, எந்த அமைப்பு நிர்வகிக்கிறதுன்னு பேசிப் பேசியே வருஷங்கள் ஓடிப் போச்சு. அதுக்குள்ள தண்ணி விலை ஏறிடுச்சு. 2023ல தொகையை 10 கோடி டாலரா உயர்த்தினாங்க. பணக்கார நாடு, அரசுக்கும் மனசு இருந்தது. இருந்தும் பணத்தைப் பிடிச்சுக்க ஒரு கை தயாரா இல்ல. அந்தக் கையை உருவாக்குறதுதான் முதல் செலவுன்னு அப்பத்தான் புரிஞ்சது.

அப்ப எதை மாத்தலாம்?

என் பார்வையில அஞ்சு மாற்றம்.

முதல்ல, வழிச்செலவைத் திட்டத்துக்குள்ளேயே வைங்க. ஒவ்வொரு நிலத் திட்டத்துலயும் ஒரு சின்னப் பங்கு, அளவைக்கு, வரைபடத்துக்கு, ஆவணம் தேடுறதுக்கு, குடியிருப்புக்கே போய் முகாம் போடுறதுக்கு. அந்த அக்கா ஆர்.டி.ஓ. ஆபீசைத் தேடி வர்றதை விட, ஆர்.டி.ஓ. ஆபீஸ் மாசம் ஒரு நாள் மலையடிவாரம் போறது மலிவு.

ரெண்டாவது, சான்றிதழ். போலிச் சான்றிதழ் பயம் நியாயமானது. அது உண்மையான பழங்குடியினரோட இடத்தைத்தான் திருடுது. 1994லயே உச்ச நீதிமன்றம் இதுக்காக ஆய்வுக் குழுக்கள் வேணும்னு சொல்லிடுச்சு. ஆனா விசாரணைக்குக் காலக்கெடு வேணும். மறுத்தா எழுத்துல காரணம் வேணும். விசாரணை முடியுற வரைக்கும் குடிதண்ணியும் வீட்டுமனையும் நிக்கக்கூடாது. தாகத்துக்குச் சாதிச் சான்றிதழ் எதுக்கு?

மூணாவது, தேர்வு அலகு கிராமமா இல்லாம குடியிருப்பா இருக்கட்டும். நாப்பது வீடு இருந்தா அந்த நாப்பது வீட்டைக் கணக்குல எடுங்க. மாநில அரசுகிட்ட இதுக்கு இடம் இருக்கு. 2024ல சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குத் தனிச் சட்டமே போட்டது. மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாம ஒதுக்கணும்ங்கிறது அதோட அடிப்படை. மத்தியத் திட்டத்தோட வடிகட்டியில விழுந்தவங்களை இந்தப் பணத்துல பிடிக்கலாம்.

நாலாவது, நிலத்தையும் தண்ணியையும் ஒரே விண்ணப்பமா ஆக்குங்க. நிலம் பதிவாகிற அன்னைக்கே போர், மின் இணைப்பு, முதல் ரெண்டு பயிருக்கான முதலீடு எல்லாம் ஒரே கோப்புல நகரணும். கடன் தவணை முதல் அறுவடைக்குப் பிறகு ஆரம்பிக்கட்டும். வன உரிமைப் பத்திரத்தை விக்க முடியாது, அதனால அடமானமும் வைக்க முடியாது. பேங்க் தயங்கும். ஆனா 2025 ஜனவரியில இருந்து 2 லட்சம் வரை விவசாயக் கடனுக்குப் பிணையமே வேண்டாம்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. அதைக் கிளை மேனேஜர் மறுத்தா யார்கிட்ட போறதுன்னு அந்த அக்காவுக்குத் தெரியணும்.

அஞ்சாவது, நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்சது, டேட்டா. வருஷக் கடைசியில "இத்தனை கோடி ஒதுக்கீடு, இத்தனை பயனாளிகள்"னு மட்டும் சொல்றாங்க. எனக்கு வேணும்கிறது நடுவுல விழுந்தவங்க கணக்கு. எத்தனை பேர் விண்ணப்பிச்சாங்க, சான்றிதழ்ல நின்னவங்க எத்தனை, அளவையில எத்தனை, வங்கியில எத்தனை. தாலுகா வாரியா, மாசா மாசம். எங்க அதிகம் பேர் விழுறாங்களோ அங்கதான் அடுத்த ரூபாயைச் செலவு பண்ணணும். பேர் போட வேண்டாம், எண்ணிக்கை போதும்.

ஒரு எதிர்வாதம் வரும். "வழிச்செலவு, முகாம், அமைப்புன்னு பணத்தைப் பிரிச்சா நிலத்துக்குப் போற பணம் குறையாதா?" குறையும், கொஞ்சம். ஆனா இப்ப நடக்கிறது என்ன? மார்ச் 31 வந்தா செலவாகாத பணம் திரும்பிப் போகுது. இல்லேன்னா அவசரத்துக்கு ஒரு சுவரோ ஒரு சிமெண்ட் தொட்டியோ எழும்புது. நூறு ரூபாயில பத்து ரூபாயை வழிக்குச் செலவழிச்சு தொண்ணூறு போய்ச் சேர்ந்தா, அது நஷ்டம் இல்ல.

கடைசியா, கேட்டுட்டு இருக்கிற உங்களுக்கு. நம்மள்ல பாதிப் பேருக்கு ஓட்டு இன்னும் ஊர்லதான் இருக்கு. தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்னைக்கு ஊருக்குப் போங்க. லீவு இல்லேன்னா அப்பா அம்மாவையாவது அனுப்புங்க. மூணு கேள்வி போதும். நம்ம பஞ்சாயத்துல பழங்குடியினர் குடியிருப்பு இருக்கா, அங்க குழாய்ல தண்ணி வருதா? வன உரிமைக் குழு இருக்கா, கடைசியா எப்ப கூடுச்சு? நம்ம கண்மாய்ச் சங்கத்துல நிலம் இல்லாதவங்க யாராவது இருக்காங்களா? பதில் என்னவா இருந்தாலும் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க. எழுதிட்டா அதுவும் ஓர் ஆவணம். இந்த மக்கள்கிட்ட எல்லாரும் கேக்கிறது ஆவணம்தானே.

உங்க ஊர்ல இதுல எது நடந்திருக்கு, எது நடக்கலேன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சேர்த்துப் பேசுவோம்.